ஒரே பாக்எண்டில் ஆறு விடுதித் தளங்கள், ஆறும் ஆறு வடிவில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பிழை என்றால் திருத்துங்கள். மானிப்பாயில் இரண்டு பேராக இருந்துகொண்டு நல்லூர், யாழ் நகரப் பக்கத்து விடுதிகளுக்கு முன்பதிவுத் தளம் செய்து கொடுக்கிறீர்கள். லாரவெலில், அதாவது பிஎச்பி மொழியில் வலைத்தளம் எழுதும் சட்டகத்தில் எழுதியது. முதல் விடுதிக்குச் செய்ததை அப்படியே நகலெடுத்து, நிறத்தையும் பக்க அமைப்பையும் மாற்றி இரண்டாவது விடுதிக்குக் கொடுத்தீர்கள், பிறகு மூன்றாவதுக்கு, இப்படியே இன்றைக்கு ஆறு நகல். ஒரு பிழையைத் திருத்தினால் ஆறு இடத்தில் திருத்த வேண்டும், அதில் இரண்டு இடம் எப்படியும் மறந்துபோகிறது. ஏழாவதாக ஒரு திருமண மண்டபக்காரர் வந்து நிற்கிறார். நண்பர் ஒருவர் பாக்எண்டை, அதாவது சேர்வரில் ஓடும் பின்பக்கத்தை, தரவு மட்டும் கொடுக்கும் ஏபிஐ ஆக்கிவிட்டு, பிரவுசரில் ஓடும் முன்பக்கத்தை ஒவ்வொருவருக்கும் ரியாக்ட் என்ற லைப்ரரியில் தனித் தளமாக எழுதச் சொல்கிறார். அப்படித்தான் செய்யவேண்டுமா, இல்லாவிட்டால் கோட் ஒன்றாகவே இருக்க ஆறு தளமும் ஆறு விதமாகத் தெரிவதற்கு வேறு வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வழி இருக்கிறது. புதிதாக எழுதத் தேவையில்லை, கையில் இருக்கும் லாரவெலே போதும். நான் இந்த மாதிரி வேலையில் பல வருடமாக இருக்கிறேன், பெரும்பாலும் லாரவெலிலும், பைத்தனில் அதே வேலை செய்யும் ஜாங்கோவிலும். ரியாக்ட் பக்கம் மற்றவர்கள் எழுதியதைப் பராமரித்த அளவுக்குத்தான் பழக்கம், ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுங்கள். வடிவத்தை வேறு வேறாகக் காட்டுவது இதில் சுலபமான பகுதி. வாடிக்கையாளர் "எனக்கு வேறு மாதிரி வேண்டும்" என்று சொன்னவுடன், அவர் கேட்பது தோற்றத்தையா விதியையா என்று பார்க்காமல் கோடுக்குள் கையை வைத்துவிடுகிறோமே, சோலி எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆறு விடுதிக்காரரும் இதுவரை கேட்ட மாற்றங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், மூன்று குவியலாகப் பிரியும். ஒன்று வெறும் பெறுமதிகள்: லோகோ, நிறம், எழுத்துரு, தொலைபேசி எண், முகப்பில் வரும் வாசகம். அடுத்தது அமைப்பு: அறைப் படங்கள் மேலே அகலமாக வரவேண்டுமா, அட்டை அட்டையாக வரவேண்டுமா, முன்பதிவுப் பெட்டி வலது பக்கமா கீழேயா. மூன்றாவது விதி: ஒருவர் முற்பணம் கேட்கிறார், இன்னொருவர் விருந்தினர் வந்து இறங்கிய பிறகுதான் காசு வாங்குகிறார், மற்றவர் நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் குறைந்தது இரண்டு இரவு தங்கினால்தான் அறை கொடுப்பேன் என்கிறார். பெறுமதிகள் தரவுத்தளத்தில் ஒரு அட்டவணைக்குள் போகவேண்டும், அமைப்பு டெம்ப்ளேற்றுக்குள், அதாவது பக்கத்தின் அச்சுக் கோப்புக்குள். விதி கோடுக்குள்தான் இருக்கும், ஆனால் அதற்கு ஒரு பெயர் இருக்க வேண்டும், எந்தத் தளத்துக்கு அது பொருந்தும் என்பது தளத்தின் செட்டிங்ஸில் ஒரு வரியாக இருக்க வேண்டும். மூன்றாவது குவியல் இரண்டாவதின் இடத்துக்குள் கசிந்தால் என்ன நடக்கும் என்று பிளேட் (லாரவெலின் டெம்ப்ளேற்) கோப்புக்குள் விலைக் கழிவுக் கணக்கு எழுதி வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும். பக்கத்தில் ஒரு விலை, உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் இன்னொரு விலை, விருந்தினர் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வரவேற்பு மேசையில் நிற்பார்.

இனி ஒரு கோரிக்கை உள்ளே வருவதைப் பின்தொடர்ந்து பார்ப்போம். ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் உங்கள் நல்லூர் விடுதியின் முகவரியைத் தட்டுகிறார். பிரவுசர் அனுப்பும் கோரிக்கையில் ஹோஸ்ட் என்று ஒரு தலைப்பு வரி இருக்கும், எந்த டொமைனைத் தேடி வந்தது என்று அது சொல்லும். 1997-இல் எச்டிடிபி 1.1 வந்தபோதே இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள், ஒரு ஐபி முகவரியில் எத்தனை தளத்தையும் வைக்கலாம் என்பது இதை நம்பித்தான். ஆறு டொமைனையும் ஒரே சேர்வருக்கு, ஒரே லாரவெலுக்குத் திருப்பிவிடுங்கள். உள்ளே முதல் மிடில்வெயார், அதாவது ஒவ்வொரு கோரிக்கையும் முதலில் கடந்து போகும் கோட் துண்டு, அந்த ஹோஸ்ட்டை எடுத்து, 'தளங்கள்' என்ற அட்டவணையில் தேடி, அகப்பட்ட வரியை 'இப்போதைய தளம்' என்று லாரவெலின் கொன்டெய்னரில் (கோடின் எல்லா இடத்துக்கும் பொதுவான பெட்டி) வைத்துவிட வேண்டும். அதன்பிறகு கோடின் எந்த மூலையிலும் ஹோஸ்ட்டைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, இப்போதைய தளம் எது என்று மட்டும்தான் கேட்க வேண்டும். அட்டவணையில் இல்லாத ஹோஸ்ட் வந்தால் 404 ('பக்கம் இல்லை') கொடுங்கள், முதல் விடுதியின் பக்கத்தைக் காட்டினால் என்ன என்று நினைக்காதீர்கள். ஹோஸ்ட் வரியை யாரும் பொய்யாக எழுதி அனுப்பலாம், அதை நம்பிக் கடவுச்சொல் மாற்றும் இணைப்பைத் தயாரித்தால் அந்த இணைப்பு கள்ளனுடைய டொமைனோடு விருந்தினரின் மின்னஞ்சலுக்குப் போகும். பழைய, எல்லோருக்கும் தெரிந்த ஓட்டை இது. ஜாங்கோவில் அலவ்ட் ஹோஸ்ட்ஸ் என்ற செட்டிங்கும் லாரவெலில் டிரஸ்ட் ஹோஸ்ட்ஸ் மிடில்வெயாரும் இதற்காகத்தான் இருக்கின்றன.

'தளங்கள்' அட்டவணையில் அந்தத் தளத்தின் வரியில் தீமின், அதாவது தோற்றக் கோப்புகளின் தொகுப்பின், பெயரும் இருக்கட்டும். லாரவெல் ஒரு டெம்ப்ளேற்றைத் தேடும்போது கோப்புறைப் பட்டியல் ஒன்றை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போகும், முதலில் அகப்படுவதை எடுத்துக்கொள்ளும். அந்தப் பட்டியலின் தலையில் இந்தத் தளத்தின் தீம் கோப்புறையைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது, டெம்ப்ளேற்றைத் தேடும் வியூ பைன்டரில் பிரிபென்ட் லொகேஷன் என்று அதற்கென்றே ஒரு மெதட் இருக்கிறது. அறைப் பட்டியலுக்கான டெம்ப்ளேற் தீமுக்குள் இருந்தால் அது வரும், இல்லாவிட்டால் பொதுக் கோப்புறையில் உள்ளது வரும். இதனால் புதிதாக வரும் வாடிக்கையாளருக்கு வெறும் கோப்புறையோடு தொடங்கலாம், முதல் நாளே தளம் முழுதாக ஓடும், பிறகு எது உண்மையில் வேறாக இருக்க வேண்டுமோ அதை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வரலாம். கொம்பைல் ஆன (பிஎச்பியாக மாற்றி வைத்த) பிளேட் கோப்புகள் ஒன்றோடொன்று கலக்குமோ என்று பயப்பட வேண்டாம், அவற்றின் பெயர் மூலக் கோப்பின் முழுப் பாதையிலிருந்துதான் உண்டாகிறது. பிஎச்பியை வழக்கமாக ஓட்டும் பிஎச்பி-எப்பிஎம்மில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எல்லாம் புதிதாகத் தொடங்குவதால் இதில் வேறு சிக்கலும் இல்லை. லாரவெலை வேகமாக்கும் ஒக்ரேன் போட்டிருந்தால் கதை வேறு. அங்கே செயலி நினைவிலேயே உட்கார்ந்திருக்கும், வியூ பைன்டரும் ஒருமுறை கண்டுபிடித்த பாதையைப் பெயரோடு சேர்த்து ஞாபகம் வைத்திருக்கும், ஒவ்வொரு கோரிக்கையிலும் அதைக் கழுவிவிடாவிட்டால் ஒருவரின் முகப்பு மற்றவருக்குப் போய்விடும். ஜாங்கோக்காரருக்கும் இதே பொறி உண்டு, அங்கே கேஷ்ட் லோடர் டெம்ப்ளேற்றின் பெயரை வைத்துத்தான் நினைவில் வைக்கும், எந்தத் தளம் என்று அதற்குத் தெரியாது.

நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் டெம்ப்ளேற்றைத் தொடவே வேண்டாம். சிஎஸ்எஸ் மாறிகள் 2017-க்குப் பிறகு வந்த எல்லாப் பிரபல பிரவுசரிலும் வேலை செய்யும். பொது சிஎஸ்எஸ் கோப்பு முழுவதும் 'முதன்மை நிறம்', 'பின்னணி', 'தலைப்பு எழுத்துரு', 'மூலை வளைவு' என்று மாறிகளை மட்டும் பாவிக்கட்டும், பக்கத்தின் தலைப்பகுதியில் அந்தத் தளத்தின் பெறுமதிகளைப் பத்துப் பதினைந்து வரியில் எழுதிவிடுங்கள். இது எவ்வளவு தூரம் போகும் என்று சந்தேகம் இருந்தால் 2003-இல் வந்த சிஎஸ்எஸ் சென் கார்டனைப் பாருங்கள், ஒரே எச்டிஎம்எல் பக்கத்தை வைத்து சிஎஸ்எஸ்சை மட்டும் மாற்றி வேறு வேறு ஆட்கள் செய்த வடிவங்கள், ஒன்றைப் பார்த்தால் மற்றதோடு உறவு இருக்கும் என்றே தெரியாது. என் கணிப்பு, உங்கள் ஆறு தளத்தில் பாதிக்கு மேல் மாறிகளும் ஒரு தனி முகப்பு டெம்ப்ளேற்றும் இருந்தாலே போதும் என்பது. விடுதிக்காரர் தன் தளம் பக்கத்து விடுதியைப் போல இருக்கிறதே என்று குறைசொல்வது எப்போதும் முகப்பைப் பார்த்துத்தான். முன்பதிவின் மூன்றாம் படி எப்படி இருக்கிறது என்று அவர் திறந்தே பார்த்திருக்க மாட்டார்.

அந்த மூன்றாம் படியைப் பற்றித்தான் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேண்டும். வடிவத்தைத் திறந்துவிடலாம், படிவத்தைப் பூட்டி வையுங்கள். ஏன் என்று பாருங்கள். முன்பதிவுப் படிவத்தின் டெம்ப்ளேற்றை இரண்டு தளம் தங்கள் தீமுக்குள் எடுத்து மாற்றி வைத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து நீங்கள் 'விடுதியின் நிபந்தனைகளை ஏற்கிறேன்' என்று ஒரு கட்டாயப் பெட்டியைப் பொதுப் படிவத்தில் சேர்க்கிறீர்கள், பாக்எண்டிலும் அது இல்லாவிட்டால் ஏற்கக் கூடாது என்று எழுதுகிறீர்கள். நான்கு தளத்தில் எல்லாம் சரி. மாற்றி வைத்த இரண்டு தளத்திலும் அந்தப் பெட்டியே இல்லை, விருந்தினர் அழுத்துகிறார், பக்கம் திரும்பி வருகிறது, என்ன பிழை என்று காட்டுவதற்கும் இடம் இல்லை, ஏனென்றால் பிழைச் செய்தி அந்தப் பெட்டியின் கீழேதான் வரும். அவர் வேறு விடுதிக்குப் போய்விடுவார். சேர்வர் பதிவேட்டில் ஒரு பிழையும் இருக்காது. விடுதிக்காரர் இந்த மாதம் வியாபாரம் படுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஆகவே படிவத்தின் உள்ளீட்டுப் பெட்டிகள், மறைவான டோக்கன்கள், பிழைச் செய்திகள் எல்லாம் ஒரு கொம்போனன்டாகப் பொதுவில் இருக்கட்டும், தீம் அதைச் சுற்றி எதையும் கட்டலாம், சிஎஸ்எஸ் போடலாம், ஆனால் உள்ளே உள்ளதை மாற்ற முடியாது. இதேபோல டெம்ப்ளேற்றுக்குக் கொடுக்கும் தரவும் ஒப்பந்தம் மாதிரி. அறை என்றால் பெயர், படங்கள், காட்டவேண்டிய விலை, காலியா இல்லையா என்று முன்கூட்டியே தயாரித்த ஒன்றைக் கொடுங்கள், மொடலை (அட்டவணையைக் கையாளும் கோடை) அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டு உள்ளே எதை வேண்டுமானாலும் எடு என்று விட்டால் பிறகு அட்டவணையில் ஒரு நிரலின் (கொலம்) பெயரை மாற்றுவதற்கும் ஆறு தீம் கோப்புறையைத் திறந்து பார்க்க வேண்டிவரும்.

இன்னொன்று, கோடுக்குள் வாடிக்கையாளரின் பெயர் வரவே கூடாது. 'தளம் நல்லூர் விடுதி என்றால் இப்படி' என்று ஒரு நிபந்தனை எழுதினால் அன்றைக்கு ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், ஓம். ஆனால் அடுத்த வருடம் இன்னொருவர் அதே வசதியைக் கேட்பார், நிபந்தனையில் இரண்டாவது பெயர் சேரும், பிறகு முதலாமவர் அது வேண்டாம் என்பார். 'குறைந்தபட்ச இரவுகள்' என்று ஒரு விதியை எழுதி அதன் எண்ணையும் திகதிகளையும் தளத்தின் செட்டிங்ஸில் வைத்தால் கேட்கிற எவருக்கும் அது பொருந்தும். செட்டிங்ஸை எங்கே வைப்பது என்றால் தரவுத்தளத்தில்தான், .என்வி கோப்பில் வைக்க முடியாது, அது செயலி முழுவதற்கும் ஒன்றுதான்.

இப்போது அதிகம் பேர் அடிபடும் இடங்களுக்கு வருகிறேன். முதலாவது கேஷ், அதாவது ஒருமுறை தயாரித்ததை நினைவில் வைத்துத் திரும்பக் கொடுப்பது. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் இரண்டு டொமைன், இரண்டும் முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சேர்வர் வழியாக உள்ளே ஒரே சேர்வருக்குப் போகின்றன. காலையில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, என்னுடைய முகவரியைத் தட்டினால் மற்றவருடைய முகப்பு வருகிறது என்கிறார். கோடில் தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் இல்லை, ஏனென்றால் பிழை கோடிலேயே இல்லை. என்ஜின்எக்ஸில் புரொக்ஸி கேஷைப் போட்டுவிட்டுக் கேஷ் கீயை (எந்தப் பக்கம் என்று அடையாளம் காட்டும் பெயரை) நாங்களாகக் குறிப்பிடாவிட்டால், அது எடுத்துக்கொள்ளும் இயல்பான கீயில் விருந்தினர் தட்டிய டொமைன் இருக்காது. உள்ளே எந்தச் சேர்வருக்கு அனுப்புகிறதோ அதன் பெயரும் பக்கத்தின் பாதையும்தான் இருக்கும். இரண்டு தளத்துக்கும் உள்ளே சேர்வர் ஒன்று, முகப்பின் பாதையும் ஒன்று, அப்போது கீயும் ஒன்று. யார் முதலில் வந்தாரோ அவருடைய பக்கம் இருவருக்கும் போகும். கீயில் ஹோஸ்ட் மாறியைச் சேர்த்தால் சரியாகிவிடும். இதே பிழை லாரவெலின் சொந்தக் கேஷிலும் வரும், 'முகப்பு அறைகள்' என்ற பெயரில் எதையாவது நினைவில் வைத்திருந்தால் பெயருக்கு முன்னால் தளத்தின் எண் கட்டாயம் வேண்டும். கைமறதிக்கு இடம் கொடுக்காமல் மிடில்வெயாரிலேயே கேஷ் முன்னொட்டை மாற்றிவிடுவது நல்லது.

இரண்டாவது, கோரிக்கையே இல்லாத இடங்கள். முன்பதிவு உறுதியானதும் மின்னஞ்சல் கியூவுக்குப் (வேலை வரிசைக்குப்) போகிறது, அதைப் பிறகு பின்னணியில் ஓடும் ஒரு வேர்க்கர் எடுத்து அனுப்புகிறது. அந்த நேரத்தில் பிரவுசரும் இல்லை, ஹோஸ்ட்டும் இல்லை, 'இப்போதைய தளம்' எது என்று வேர்க்கருக்கு எப்படித் தெரியும்? தெரியாது. லாரவெல் அப்போது இணைப்புகளை ஆப் யூஆர்எல் என்ற ஒரே பொது முகவரியை வைத்துத்தான் கட்டும், எல்லா விருந்தினருக்கும் ஒரே விடுதியின் இணைப்புப் போகும். அதைவிட மோசம், வேர்க்கர் நீண்ட நேரம் ஓடிக்கொண்டே இருப்பது, முந்திய வேலையில் வைத்த தளம் அடுத்த வேலையிலும் அப்படியே இருக்கலாம். கியூவில் உள்ள ஒவ்வொரு ஜொப்பும் தன்னோடு தளத்தின் எண்ணைச் சுமந்துகொண்டு போகவேண்டும், தொடங்கும்போது அதை வைக்க வேண்டும், முடியும்போது அழிக்க வேண்டும். லாரவெல் 11-இல் வந்த கொன்ரெக்ஸ்ட் வசதி இந்தச் சுமக்கும் வேலையைத் தானே செய்துகொள்ளும்.

மூன்றாவது தரவு. எல்லாத் தளமும் ஒரே தரவுத்தளத்தில் இருக்கும்போது, எல்லா அட்டவணையிலும் தள எண்ணைப் போட்டு, மொடலில் குளோபல் ஸ்கோப், அதாவது எல்லா வினவலிலும் தானாகச் சேரும் நிபந்தனை, வைத்தால் ஒரு விடுதியின் தரவு மற்றதற்குத் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. மொடல் வழியாகப் போகாமல் நேரே டிபி டேபிள் என்று எழுதிய வினவல்களுக்கு அந்த ஸ்கோப் பொருந்தாது. ஒரு பெறுமதி இரண்டாம் முறை வரக் கூடாது என்று பார்க்கும் யுனிக் என்ற சரிபார்ப்பு விதிக்கும் பொருந்தாது, அது மொடலைத் தொடாமல் அட்டவணை முழுவதையும் பார்க்கும். அதனால் ஒரு விடுதியில் பதிவு செய்தவர் இன்னொரு விடுதியின் தளத்தில் பதிவு செய்யப் போனால் 'இந்த மின்னஞ்சல் ஏற்கனவே உள்ளது' என்று வரும். அவருக்கு விளங்காது, அதோடு அவர் வேறெங்கோ தங்கியிருக்கிறார் என்ற செய்தியும் வெளியே கசிகிறது. விதியில் தள எண்ணையும் நிபந்தனையாகச் சேருங்கள், தரவுத்தளத்தின் யுனிக் இன்டெக்ஸிலும் இரண்டு நிரலையும் சேர்த்துப் போடுங்கள். செஷனுக்குள்ளும் (உள்நுழைந்தவரை நினைவில் வைக்கும் பதிவு) தள எண்ணை எழுதிவைத்து ஒவ்வொரு முறையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு தலையிடியும் உண்டு. பழைய தளங்களிலும் விடுதிக்காரர் கொடுக்கும் வேர்ட் கோப்புகளிலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டிய உள்ளடக்கம் இன்னும் வரும். பாமினியில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. தீமில் எழுத்துருவை மாற்றிய அடுத்த நிமிடம் யாழ்ப்பாணம் என்ற சொல் அரைப்புள்ளிகளும் ஆங்கில எழுத்துகளுமாகச் சிதறி நிற்கும். உள்ளடக்கமும் வடிவமும் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கிடப்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தரவுத்தளத்துக்குள் போகுமுன் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள், ஒருமுறை செய்யும் வேலைதான். அப்புறம் எந்தத் தீம் என்றாலும் ஆங்கில வாசகத்தை வைத்துச் சோதிக்க வேண்டாம். ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் 'முன்பதிவு செய்யுங்கள்' என்று வரும்போது இரண்டு வரியாக உடையும், வரி இடைவெளி குறைவாக இருந்தால் மேல்வரியின் கொக்கிகள் கீழ்வரி எழுத்துகளில் போய் முட்டும்.

இனி உங்கள் நண்பர் சொன்ன தனித்தனி ரியாக்ட் தளங்கள். அது பிழையான யோசனை என்று நான் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளரிடம் சொந்தமாக வடிவமைப்பாளர்கள் இருந்து அவர்களே முன்பக்கத்தை எழுதப் போகிறார்கள் என்றால், அல்லது கைத்தொலைபேசிச் செயலியும் வரப்போகிறது என்றால், ஏபிஐயாகப் பிரிப்பதுதான் முறை. உங்கள் நிலைமை அது இல்லை. இரண்டு பேர் ஆறு முன்பக்கங்களைத் தனித்தனியாக பில்ட் செய்து, தனித்தனியாக லைப்ரரிகளைப் புதுப்பித்து வைத்திருப்பதென்றால், இப்போது பாக்எண்டில் படும் பாடு முன்பக்கத்துக்கு இடம் மாறும், அவ்வளவுதான். கோடின் பதிப்புகளைச் சேமிக்கும் கிட்டில் வாடிக்கையாளருக்கு ஒரு கிளை என்று வைத்திருப்பதும் நகலெடுத்த கோப்புறைகளுக்கு வேறு பெயர்தான், ஒரு வருடத்தில் ஒன்றோடொன்று மேர்ஜ் ஆகாது. ஒரே வேர்ட்பிரஸில் பல தளம் ஓட்டும் மல்டிசைட் வசதி 2010-இல் 3.0 பதிப்போடு உள்ளேயே வந்துவிட்டது, தளத்துக்குத் தளம் வேறு தீம் போடலாம், ஊர்த்தளம், பழைய மாணவர் சங்கத் தளம் மாதிரி எழுத்தும் படமும் மட்டும் உள்ளவற்றுக்குத் திறம். முன்பதிவுக் கணக்கு ஏற்கனவே லாரவெலில் ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே தூக்கிக்கொண்டு போவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆறு நகலை ஒன்றாக்குவதை இப்படித் தொடங்குங்கள். அதிகம் திருத்தங்கள் செய்த நகலை மூலமாக எடுத்து, மற்ற ஐந்தையும் அதோடு டிப் (வரிக்கு வரி ஒப்பீடு) போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வேறுபாடும் முதலில் சொன்ன மூன்று குவியலில் ஒன்றுக்குள் போகும், நாலாவதாக 'இங்கே திருத்த மறந்தது' என்றும் ஒரு குவியல் வரும், அது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக இருக்கும். முன்பதிவு குறைந்த விடுதியை முதலில் கொண்டுவாருங்கள், நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கும் நேரத்தில் எதையும் அசைக்காதீர்கள். தரவுத்தளங்களை இப்போதைக்குத் தொடவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம், இதில் மற்றவர்கள் மாறுபடலாம். கோட் ஒன்று, தரவுத்தளம் ஆறு, தளத்தின் வரியில் எந்தத் தரவுத்தளம் என்று எழுதிவைத்து மிடில்வெயாரில் இணைப்பை மாற்றினால் போதும். மைக்ரேஷனை, அதாவது அட்டவணை மாற்றங்களை, ஆறு முறை ஓட்ட வேண்டும், அது ஒரு சின்ன ஸ்கிரிப்ட். ஒன்றாக்கப் போனால் ஆறிலும் முன்பதிவு எண் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கும், எல்லாவற்றுக்கும் புது எண் கொடுக்க வேண்டும், பழைய எண்ணைக் காட்டிக்கொண்டு வரும் விருந்தினருக்காக அதையும் தனி நிரலில் வைத்திருக்க வேண்டும். தளங்கள் முப்பது நாற்பது என்று பெருகினால் அப்போது ஒரே தரவுத்தளத்தைப் பற்றி யோசிக்கலாம்.

கோட் ஒன்றானதும் ஒரு பிழையான மாற்றம் ஆறு தளத்தையும் ஒரே நேரத்தில் விழுத்தும், இதை மறைத்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஒவ்வொரு தளத்தின் முகப்பு, அறைப் பக்கம், முன்பதிவுப் பக்கம் மூன்றையும் திறந்து, 200 ('சரி' என்ற பதில்) வருகிறதா, படிவத்தில் எல்லாப் பெட்டியும் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையைத் தளங்கள் முழுவதற்கும் சுற்றில் ஓட விடுங்கள், மேலே சொன்ன நிபந்தனைப் பெட்டிக் கதை அதில் பிடிபட்டுவிடும். https-க்கான எஸ்எஸ்எல் சான்றிதழை டொமைனுக்கு ஒன்றாக எடுங்கள். சான்றிதழ் கொடுக்கும் லெட்ஸ் என்கிரிப்ட்டில் ஆறு பெயரையும் ஒரே சான்றிதழில் போடலாம்தான், ஆனால் அது அதிகபட்சம் 90 நாள்தான் செல்லும், ஒரு விடுதிக்காரர் டொமைனுக்குக் காசு கட்ட மறந்துவிட்டால் புதுப்பிக்கும்போது அந்த ஒரு பெயருக்காக மற்ற ஐந்தும் சேர்ந்து தோற்றுப்போகும்.

மண்டபக்காரரைப் பற்றி மட்டும் எனக்கு நிச்சயமில்லை. அவருக்கு வேண்டியது புது வடிவம் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அப்படித் தெரியவில்லை. விடுதி இரவுகளை விற்கிறது, மண்டபம் ஒரு நாளை நேரங்களாக வெட்டி விற்கிறது, காலையில் ஒரு கலியாணம், பின்னேரம் வேறொருவரின் வரவேற்பு, இடையில் சோடனையைக் கழற்றித் துப்புரவாக்க வேறு நேரம் வேண்டும். விருந்தினர் பதிவு, கட்டணம், மின்னஞ்சல், தீம் எல்லாம் இப்போது உள்ளதையே பாவிக்கலாம், காலியிடக் கணக்கை மட்டும் தனி மொடியூலாக எழுத வேண்டி வரலாம். ஒருவேளை அவர் நாளை வெட்டாமல் முழுநாளாகத்தான் கொடுக்கிறார் என்றால், இரவுக்குப் பதில் நாள் என்று வைத்து இருக்கும் கோடிலேயே ஓட்டிவிடலாம். அவரிடம் அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், அதைப் பார்த்துத்தான் மேற்கொண்டு சொல்லலாம்.